மான்கன்றும் காமிராவும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கம் நடத்திய படக் கண்காட்சியில் ‘அமைதி’ என்னும் தலைப்புள்ள படம் ஒன்று முதற்பரிசு பெற்றது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். உண்ணிச்செடிப் புதரின் அடியில், உலர்ந்த சருகுகளின்மேல், கால்களை மடக்கிக் கழுத்தை நிலத்தோடு நிலமாக நீட்டிப் படுத்திருக்கும் புள்ளிமான் கன்று. கண்கள் மட்டும் அகலத் திறந்திருக்கும். அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். இன்றும் அது சங்க அறையில், செய்தித்தாள் மேசைக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது.

“காட்டில் விலங்குக் குட்டிகளைப் படமெடுப்பது எப்படி என்று மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள். உங்கள் அனுபவம் மற்றவர்களுக்கும் பயன்படும்” என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இடர்ப்பாடு விளங்கிற்று. அந்தப் படத்தை எடுத்த விதத்தை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத முடியாது. அதைச் சொல்லிவிட்டாலோ, பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் நால்வர் விடுதிக்குப் பின்னாலுள்ள புதர்க்காட்டிற்குள் உலாவப் போயிருந்தோம். கையில் இரவல் காமிரா. பறவை எதையாவது எடுக்கலாம் என்பது எண்ணம். வழக்கம்போல் மெஸ் வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்கள் மூன்று எங்கள் பின்னாலேயே வந்தன. அவற்றை நாங்கள் விரட்டவில்லை. தினமும் சோறு போடுகிற கைகளை அவை பின்தொடர்வதில் என்ன வியப்பு! பாறைக்கு அப்பால் ஒரு பெண்மான் எங்களைக் கண்டு காலைத் தரையில் தட்டிற்று. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. சற்றுத் தூரம் ஓடி நின்று திரும்பிப் பார்த்தது. அப்போது அதன் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடம் கழித்து நண்பர் ஒருவர் புதருக்கடியில் கன்றைக் கண்டுபிடித்தார்.

ஆறடித் தூரத்தில் மண்டியிட்டு எடுத்தேன். கன்று அசையவே இல்லை. “எவ்வளவு சாதுவாகப் படுத்திருக்கிறது, பாருங்கள்! நம்மைக் கண்டு பயமே இல்லை” என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டோம். ஒருவர் பின் ஒருவராக அரைமணி நேரம் அதன் முன் உட்கார்ந்து எழுந்தோம். பிறகு பெருமிதத்துடன் திரும்பினோம். நாய்களில் இரண்டு எங்களுடன் திரும்பவில்லை என்பதை விடுதி வாசலில்தான் கவனித்தோம். மறுநாள் காலை காவற்காரர் வந்து, புதர்க்காட்டில் நாய் கடித்த மான்குட்டி ஒன்று கிடப்பதாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். அதே புதர்; பத்து அடிகூடத் தள்ளியில்லை.

அதைத் தெரிந்துகொண்ட பின்னரும் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். ‘அமைதி’ என்று தலைப்பும் இட்டேன். நடந்தது வேறு, படம் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு மான்களைப் பற்றி ஓரளவு படித்தேன். படித்த பின்னர்தான் அந்தத் தலைப்பும் பொய் என்பது தெரிந்தது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இனி என் வேலை.

பிறந்த கன்றுகளைக் காப்பதில் இலை தழை தின்னும் பெரிய விலங்குகள் இரு வழிகளைக் கையாள்கின்றன. யானையின் கன்றும் காட்டெருமையின் கன்றும் பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து தாயோடு நடக்கும். கூட்டமே அவற்றிற்கு அரண். மான் இனத்தில் பெரும்பாலானவை மற்றொரு வழியைப் பின்பற்றுகின்றன. தாய் கன்றை ஒரு மறைவிடத்தில் படுக்க வைத்துவிட்டுத் தான் விலகிப் போய்விடும். பகலில் சில தடவை மட்டும் வந்து பாலூட்டும். உடலை நக்கிக் கொடுக்கும். கன்றின் கழிவையும் நக்கி அப்புறப்படுத்தும். கழிவு கிடந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? பிறகு கன்று தானாகவே ஓரிடம் தேடிப் படுத்துக்கொள்ளும். தாய் அருகிலேயே நின்றால் அதன் பெரிய உடலும் வாசனையும் பகைவரை அழைத்து வரும். ஆகவே, தாய் தூரத்தில் இருப்பது கைவிட்டதற்கு அடையாளமன்று, காவலுக்கே அடையாளம்.

அமெரிக்காவின் எல்க் மானும் இப்படித்தான். எல்க் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டும். ஐரோப்பியருக்கு எல்க் என்றால் அமெரிக்கர் ‘மூஸ்’ என்றழைக்கும் பெரிய மூக்குடைய விலங்கு. அமெரிக்கருக்கு எல்க் என்றால் ‘வாப்பிட்டி’ என்னும் செம்மான் உறவு. இலங்கையில் வேட்டையாடிய ஆங்கிலேயர்களோ நம் கடமானையே எல்க் என்று எழுதி வைத்துவிட்டார்கள்! பழைய வேட்டை நூல்களைப் படிப்பவர்கள் ஏமாறக்கூடாது. தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைப் பிரித்துச் சொல்லும்போது, நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் குட்டியை மறி என்றும், கடமையின் குட்டியைக் கன்று என்றும் வேறுபடுத்துகிறது. விலங்கைப் பெயரளவிலாவது உற்றுப் பார்த்தவர்களின் மொழி நம்முடையது. நான் இக்கட்டுரையில் எல்லாவற்றையும் கன்று என்றே எழுதுகிறேன். இலக்கண நண்பர்கள் பொறுத்தருள்க.

எல்க் கன்று பிறக்கும்போது சுமார் 15 கிலோ எடையிருக்கும். மே கடைசியிலும் ஜூனிலும் பிறந்து, முதல் இரண்டு மூன்று வாரங்கள் புல்லிலும் புதரிலும் ஒளிந்தே கழிக்கும். அந்த வாரங்களில் யெல்லோஸ்டோன் காட்டின் கரடிகள் புல்வெளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அலசித் தேடுகின்றன. கரடி காலால் மிதிக்கும் தூரத்திற்கு வந்தாலும் கன்று அசையாது. ஏனெனில் முதல் நாட்களில் அதற்கு ஓடும் வலிமை கிடையாது; அசையாமை ஒன்றே ஆயுதம். உடலில் வெண்புள்ளிகள், மரநிழலில் விழும் வெயில் திட்டுகளோடு அவை கலந்துபோகும். எல்க் கன்றுக்கு இப்புள்ளிகள் கோடை முடிவதற்குள் மறைந்துவிடும். நம் புள்ளிமானுக்கோ வாழ்நாள் முழுதும் இருக்கும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். அசையாது கிடக்கும் கன்றின் உள்ளே என்ன நடக்கிறது? அமெரிக்க வெண்வால் மான் கன்றுகளிலும் ஐரோப்பியச் செம்மான் கன்றுகளிலும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆபத்து நெருங்கும்போது ஒளிந்திருக்கும் கன்றின் இதயத் துடிப்பு திடீரென்று குறைந்துவிடுகிறது, மூச்சும் அடங்கிவிடுகிறது. நமக்குப் பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும். அதற்குப் பயம் வந்தால் நெஞ்சு ஏறத்தாழ நின்றுபோவது போல் ஆகிறது. ஓசையில்லை, அசைவில்லை, கல்லோடு கல்லாகிவிடுகிறது. இது தூக்கமன்று, சாதுத்தனமன்று, மனிதனிடம் கொண்ட நம்பிக்கையுமன்று. உடல் முழுவதையும் பூட்டி வைத்துக்கொள்ளும் அச்சம்.

அந்த அச்சத்தைப் படத்தில் அடையாளம் காணலாம். காதுகள் பின்னோக்கி மடிந்து கழுத்தோடு ஒட்டியிருக்கும். தாடை தரையைத் தொடும். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் தொடர்ந்து பார்க்காது. இதற்கு மாறாக, அச்சமில்லாத கன்று ஓரிடத்தில் சும்மா இருப்பதே அபூர்வம். காது ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று திரும்பிக்கொண்டே இருக்கும். ஈயை விரட்டும், தன் விலாவை நக்கும், புல் நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்பும். சங்க அறைக்குப் போகிறவர்கள் என் படத்தில் காதுகளைப் பாருங்கள்.

“தனியாகக் கிடக்கிறதே, தாய் விட்டுப் போய்விட்டதோ?” என்று இரக்கப்படுகிறவர்கள் காமிராக்காரர்களைவிடப் பெரிய தொல்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடு அதைத் தூக்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதம் யெல்லோஸ்டோனில், ஆற்றைக் கடக்கும்போது கூட்டத்தைப் பிரிந்து கரையில் தத்தளித்த காட்டெருமைக் கன்று ஒன்றை ஒருவர் சாலைக்குத் தள்ளிவிட்டார். அவர் கெடுதல் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் கூட்டம் அதன்பின் அக்கன்றை ஏற்கவில்லை. அது கார்களையும் மனிதர்களையும் பின்தொடர ஆரம்பித்தது; இறுதியில் அதிகாரிகளே அதைக் கொல்ல நேர்ந்தது. அதே காலத்தில் வேறு சிலர் எல்க் கன்று ஒன்றைக் காரில் ஏற்றிக் காவல் நிலையத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்! அது அங்கிருந்து காட்டுக்குள் ஓடிப்போயிற்று; பிறகு என்னவாயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பூங்காவில் எல்க், காட்டெருமை முதலியவற்றிடமிருந்து 25 கஜமும், கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து 100 கஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. 25 கஜமென்றால் சுமார் 23 மீட்டர். நான் நின்றது ஆறடி.

நம் நாட்டிலும் காட்டு மான் குட்டியைத் தூக்கி வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். நம் வளாகத்தில் யாராவது கன்றைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: நாய்களை அழைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவது. கன்றுக்கு உண்மையிலேயே காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம்.

இனி, படமெடுப்பதற்கு வருவோம். எடுக்கவே கூடாது என்பது என் கட்சியன்று. தவறான வழியில் எடுத்துவிட்டோமே, சரியான வழி என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஆகவே சென்ற நவம்பர் மாதம், ஓராண்டுச் சேமிப்பைச் செலவழித்து மத்தியப் பிரதேசத்திலுள்ள கானா தேசியப் பூங்காவிற்குப் போனேன். நாகபுரி வரை ரயில். பிறகு பாலாகாட், பைஹர் வழியாக முக்கி வாயில். கானாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மான்கன்றுக்கு மறைவிடம் என்பது எத்தகைய உயிர்நிலை என்பதை அந்தக் காட்டைப் போல வேறெந்தக் காடும் எடுத்துக்காட்டாது.

அங்கே ‘பாரசிங்கா’ என்றொரு மான் இருக்கிறது. பன்னிரண்டு கிளைக் கொம்பன் என்று இந்தியில் பொருள். வடக்கேயும் அசாமிலும் இதன் உறவினங்கள் சதுப்பு நிலத்தில் வாழ்கின்றன. மத்திய இந்தியாவிலுள்ள வகை மட்டும் குளம்பு இறுகிய கெட்டித் தரை வகை. புல்லையே நம்பி வாழ்வது. 1970ஆம் ஆண்டுக் கணக்கில் கானாவில் எஞ்சியிருந்தவை 66. இவ்வகை மான் அன்று உலகில் வேறெங்கும் இல்லை. வேட்டை ஒரு காரணம். அது நின்ற பின்னும் எண்ணிக்கை ஏறவில்லை. 1963 முதல் 1965 வரை அங்கே தங்கி ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் என்னும் விலங்கியலறிஞர் 1967இல் வெளியிட்ட ‘மானும் புலியும்’ என்ற நூல் இக்காட்டு மான்களைப் பற்றிய முதல் முழுமையான ஆராய்ச்சி. புல்வெளிகளை மாடுகள் ஒட்ட மேய்ந்துவிட்டன. மிஞ்சியதைத் தீ எரித்தது. கன்று ஈனும் பருவத்தில் தாய்மான் தன் கன்றைப் படுக்க வைக்க உயரமான புல் இல்லை. ஒளிவதையே உயிராகக் கொண்ட குட்டிக்கு ஒளிய இடமில்லாவிட்டால் என்ன ஆகும்?

1969இல் சோன்ஃப் என்னும் கிராமத்தைக் காட்டிற்கு வெளியே குடியமர்த்தினார்கள். ஊர் இருந்த இடம் உயர்ந்த புல்வெளியாயிற்று. கொடிய விலங்குகள் நுழையாதபடி வேலியிட்ட அடைப்பு ஒன்றும் அமைத்தார்கள். மெல்ல மெல்லக் கன்றுகள் பிழைத்தன. இன்று கானாவில் பாரசிங்காக்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. சாத்புரா காட்டிலும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். ஊரைக் காலி செய்துகொடுத்த மக்களின் கதை தனியானது. அதுவும் எழுதப்பட வேண்டிய கதைதான். ஆனால் எனக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் எழுதட்டும்.

மழை முடியும் தறுவாயில் பாரசிங்காக் கன்றுகள் பிறக்கின்றன. அப்போது பூங்கா மூடியிருக்கும், அதுவும் நல்லதே. அக்டோபரில் திறந்த பிறகு போகிறவர்களுக்குச் சில வாரங்கள் வயதான கன்றுகளைக் காணும் வாய்ப்புண்டு. புள்ளிமான் கன்றுகளை ஏறக்குறைய எப்போதும் பார்க்கலாம்.

விடியற்காலை இருளில் திறந்த ஜீப்பில் ஏறினோம். என்னோடு இன்னும் நால்வர். எல்லோரும் புலி பார்க்க வந்தவர்கள். நவம்பர்க் குளிரில் பற்கள் தந்தியடித்தன. சோன்ஃப் புல்வெளி ஓரத்தில் வண்டியை நிறுத்தும்படி நான் கேட்டபோது, “மானுக்காகவா நிறுத்துகிறீர்கள்?” என்று ஒருவர் வேதனைப்பட்டார். வழிகாட்டி அந்தப் பகுதியைச் சேர்ந்த பெரியவர். என்னிடம் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: “பாபு, குட்டியைத் தேடாதீர்கள். தாயைப் பாருங்கள். தாயின் காது எங்கே திரும்புகிறதோ, குட்டி அங்கே இருக்கிறது.”

நான் படித்த நூல்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லவில்லை. பெண்மான் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு காது எங்கள் வண்டியை நோக்கி. மற்றொன்று இடப்புறமுள்ள புல் திட்டை நோக்கி. இருபது நிமிடம் அவ்வாறே சென்றது. புலிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். பிறகு இரண்டு காதும் புல்லை நோக்கித் திரும்பின. வண்டியை அது மறந்துவிட்டது. மெல்ல நடந்து போயிற்று. புல் அசைந்தது, கன்று எழுந்து வந்து மடியை முட்டிற்று. வால் ஆடிற்று. தாய் அதன் முதுகை நக்கிற்று. ஒரு நிமிடத்திற்குச் சற்று அதிகம் இருக்கலாம். மறுபடி புல் மூடிக்கொண்டது. எனக்குக் கிடைத்தவை ஆறு படங்கள். நான்கில் புல்லின் குறுக்குக்கோடு கன்றின் முகத்தை மறைத்துவிட்டது.

தாய்தான் அளவுகோல் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். தாய் தலையை நிமிர்த்தி உங்களையே உற்றுப் பார்த்தால் நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். முன்னங்காலைத் தட்டினாலோ வாலை உயர்த்தினாலோ எல்லையைக் கடந்துவிட்டீர்கள். கூவினால் காடு முழுவதற்கும் உங்களைப் பற்றிப் புகார் செய்தாயிற்று. மேய்ச்சலை விடாமல் தொடர்ந்தால் அங்கேயே இருக்கலாம். தாய் கண்ணில் படாமல் கன்று மட்டும் தெரிந்தாலோ, அதுதான் மிகவும் ஆபத்தான நிலை. நீங்கள் அங்கே நிற்கும்வரை தாய் வரமாட்டாள். கன்று பால் இன்றிக் கிடக்கும். உடனே நகர்ந்துவிட வேண்டும். கையில் எவ்வளவு நல்ல காமிரா இருந்தாலும் சரி.

தூரத்திலிருந்து எடுப்பதற்கு என்ன வேண்டும்? கணக்கு எளியது. முழு அளவு உணரியுள்ள காமிராவில் 400 மி.மீ. லென்ஸை மாட்டினால், 30 மீட்டர் தூரத்தில் அது சுமார் 2.7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். கன்றின் நீளம் அதில் ஏறத்தாழக் கால் பங்கு. சிறிய உணரியுள்ள காமிராவில் 300 மி.மீ. லென்ஸுக்கு அகலம் 2.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கால் பங்குதானா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். மீதி முக்கால் பங்கில் புல்லும் பனியும் தாயின் கால்களும் இருக்கும். கன்று எங்கே வாழ்கிறது என்பதைப் படம் சொல்லும். பெரிய லென்ஸ் வாங்க நம்மில் யாரிடம் பணமிருக்கிறது? பெருநகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. நானும் அவ்வாறே வாங்கினேன். கைப்பேசியால் இந்த வேலை நடவாது. அது நம்மை அருகே போகத் தூண்டும்.

நீண்ட லென்ஸைக் கையில் பிடித்தால் ஆடும். வண்டியின் பக்கக் கம்பியில் வைக்கத் துணிப்பை ஒன்றில் இரண்டு கிலோ அரிசியை நிரப்பித் தைத்துக்கொண்டேன். (அரிசி நம் மெஸ்ஸுடையது. சமைத்தபோது உதவாதது இப்படி உதவிற்று.) வண்டியின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அதன் அதிர்வு படத்தைக் கெடுக்கும், மானையும் கெடுக்கும். படுத்திருக்கும் கன்றுக்கு ஷட்டர் வேகம் வினாடியில் 250இல் ஒரு பங்கு போதும். துள்ளத் தொடங்கிவிட்டால் 1000இல் ஒரு பங்காவது வேண்டும். விடியலில் வெளிச்சம் குறைவாதலால் ஐஎஸ்ஓ எண்ணை 1600, 3200 என்று உயர்த்தத் தயங்கவேண்டாம். மணல் தூவினாற்போல் சற்றுப் பொரிந்த படம் தெளிவற்ற படத்தைவிட மேல்.

என்னை ஏமாற்றியவை இரண்டு. ஒன்று பனி. பனி சூழ்ந்த புல்வெளியைக் காமிராவின் ஒளிமானி மிக வெளிச்சமானதாகக் கருதிப் படத்தை இருட்டாக்கிவிடும். அரைப்படி முதல் ஒருபடி வரை கூடுதல் ஒளி தரவேண்டும். முதல் நாள் எடுத்தவற்றில் பாதி சாம்பல் நிறத்தில் போயின. மற்றொன்று புல். தானாக ஃபோகஸ் செய்யும் கருவி எதிரே நிற்கும் புல்லிதழைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருக்கும் கன்றைக் கைவிட்டுவிடும். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து கண்ணின்மேல் வைக்கவேண்டும். அதுவும் முடியாவிடில் வளையத்தைக் கையால் திருப்பலாம். ஓசையில்லாமல் இயங்கும் ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துக. மின்வெளிச்சம் கூடவே கூடாது. கன்று கத்துவது போன்ற ஒலியை எழுப்பித் தாயை வரவழைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். தந்திரம் பலிக்கும். தாய் பதறி ஓடிவரும். அந்தப் படத்தில் இருப்பதும் அச்சமே.

இவ்வளவு கருவிகள் இல்லாத காலத்தில் நம்மவர் ஒருவர் இதைச் செய்திருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய புதல்வர் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். பலவற்றின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான காமிராவைச் சுமந்து காடுகளில் திரிந்தவர். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். அவருடைய படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். விலங்கு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ‘படம் எடுக்கிறார்கள்’ என்ற உணர்ச்சி அதன் உடம்பில் இராது. நம் நூலகத்தில் அவர் நூல் ஒன்றாவது வாங்கி வைக்கவேண்டும் என்று செயலாளருக்கு இதன்மூலம் விண்ணப்பம் செய்துகொள்கிறேன்.

கானாவில் எடுத்த ஆறில் தேறியவை இரண்டு. அவற்றிலும் கன்று சிறியது. பாதி உடல் புல்லில். காது ஒன்று முன்னே, ஒன்று பின்னே. வாயோரத்தில் பால் நுரை. விடுதி நண்பர்களிடம் காட்டினேன். “அந்தப் பழைய படம் அளவுக்கு இல்லையே, ஐயா! அதில் கண் எவ்வளவு தெளிவாக இருந்தது!” என்றார்கள். உண்மைதான். ஆறடியிலிருந்து எடுத்தால் கண் தெளிவாகத்தான் இருக்கும்.

பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். பரிசு பெற்ற படத்தை எடுக்க விதியில் இடமில்லை என்றார். அப்படியானால் அதன் கீழுள்ள சீட்டையாவது மாற்றித் தரும்படி வேண்டினேன், அதற்கு இசைந்திருக்கிறார். புதிய சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டார். இடமும் தேதியும் எழுதி, ‘தூரம்: ஆறடி. மறுநாள் இக்கன்று உயிரோடில்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.